இருபத்தெட்டுக் கௌதாரிகள்

வேட்டைக்கு மூடிய குன்றை மறுபடியும் திறக்க வேண்டுமானால், அங்கே பறவைகள் பெருகியிருக்கின்றனவா என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கில் தவறு என்று யாராவது மனு கொடுத்தால், அதை விசாரித்துப் பதில் அனுப்பும்வரை யாருக்கும் வேட்டைச் சீட்டு கொடுக்கக் கூடாது. மனு கொடுப்பவருக்கு வயது வரம்பு கிடையாது.

கடைசி வாக்கியம் என்னுடையது. மற்றதெல்லாம் எங்கள் குன்றின் அடிவாரத்தில் நட்டிருந்த தகரப் பலகையில் தெலுங்கில் எழுதியிருந்தது. எனக்கு அப்போது தெலுங்கு எழுத்து தெரியாது. வரிக்கு வரி தமிழில் சொல்லிக் காட்டியவர் என் நைனா.

நம் ஓய்வூதியர் மலரில் இதைப் படிக்கிற நீங்களும் என்னைப் போலக் கோப்புகளோடு வாழ்ந்து, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள். ஒரு விதி எழுதப்படும் நாளிலேயே அதைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையும் போடப்பட்டுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பலகையில் போட்டிருந்தால் அது நடக்கும் என்று நம்பினேன்.

சித்தூர் ஜில்லாவில், எல்லையோரத் தமிழ் ஊர் எங்களுடையது. விஜயபுரம் போகிற பஸ் எங்கள் ஊர் முனையில் நின்று போகும். இந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, அந்தப் பக்கம் நெல், நடுவில் மிஷன் கட்டிய சின்னக் கோயில், ஐந்தாம் வகுப்பு வரை உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடம். நைனா அதற்குத் தலைமை ஆசிரியர். பள்ளிக்கூடம் போக மீதி நேரத்தில் அவரே ஊரின் பிராஞ்சு போஸ்ட் மாஸ்டர். எங்கள் வீட்டு முன்னறையின் ஒரு மூலைதான் தபால் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு தராசு, அரக்கு, தேதி முத்திரை. தினமும் காலையில் முத்திரையின் எண்களைச் சின்னக் கிடுக்கியால் மாற்றிவிட்டு, ஒரு பழைய தாளில் குத்திப் பார்ப்பார். எழுத்துத் தெளிவாக விழுந்தால்தான் காப்பி குடிப்பார். சுருக்கமாகச் சொன்னால், ஒழுங்கானவர்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அந்தக் குன்று. காரை முள்ளும் ஆவாரையும் காட்டுச் சீத்தாவும் மண்டிய, பெரிய மரம் எதுவும் இல்லாத குன்று. கௌதாரிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது விடியற்காலையில் அதுகள் போடுகிற சத்தத்தில்தான் ஊர் எழுந்திருக்கும் என்று அம்மா சொல்வாள். பிறகு கண்ணி வைப்பவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸிலிருந்து காரில் துப்பாக்கிக்காரர்களும் வந்தார்கள். ஒரு வருஷம் குன்று சத்தமே இல்லாமல் கிடந்தது. அப்போதுதான் வனத்துறை அதை மூடிப் பலகை நட்டது.

மூன்று மழை போனது. மூன்றாவது மழைக்குப் பிறகு ஒரு நாள் காலை, அடுப்பூதிக்கொண்டிருந்த அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். "கித்தீத்தர், கித்தீத்தர்" என்று ஒரே ஒரு குரல். அதற்குப் பதிலாகத் தூரத்தில் இன்னொன்று. "வந்துட்சுங்க" என்றாள், பெண் வீட்டுக்காரர்கள் வந்து இறங்கியதைச் சொல்வது போல.

அதே மழைக்காலத்தில்தான் எனக்குத் தம்பி கிடைத்தது. தம்பி என்பது ஒரு கௌதாரி. கடலைக் கொல்லையில் களை வெட்டும்போது கலைந்த கூட்டிலிருந்து மூன்று முட்டைகளை அம்மா மடியில் கொண்டுவந்து அடைகாக்கும் கோழியின் கீழே வைத்தாள். ஒன்று பொரித்துப் பிழைத்தது. காலையில் நான் ஒரு சின்னக் கொத்தை எடுத்துக்கொண்டு போய்க் கரையான் புற்றை வெட்டுவேன். ஈர மண்ணும் புளித்த கஞ்சியும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். வெள்ளையாக நெளிகிற கரையானைத் தம்பி ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். பள்ளிக்கூடத்துக்கு என் பின்னாலேயே ஓடி வரும். பறக்கத் தெரிந்தாலும் ஓடத்தான் பிடிக்கும். ஒரு வருஷத்தில் காலில் முள் முளைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூவத் தொடங்கியது. வெளியே எடுத்துப் போவதற்கு மூங்கிலில் ஒரு கவிழ் கூடையை நைனாவே பின்னிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் நவம்பர் கடைசியில் ஃபாரெஸ்ட் கார்டு சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். குன்றைத் திறக்கலாமா என்று பார்த்து எழுதச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்திருந்தது.

"அய்யவாரு," என்றார் நைனாவிடம், "உங்க பாப்பாகிட்ட ஒரு பட்சி இருக்குதாமே. அத்த ஒரு வேளைக்கு அனுப்புங்க. இந்த வயசுல நான் முள்ளுல பூந்து தேடிக்கினு இருக்கணுமா? இது கத்துனா அதுங்க பதில் சொல்லும். பதிலை எழுதிக்கினா லெக்கா ஆயிப்போச்சு."

"கண்ணி வைக்கிறவன் செய்ற வேலைய கார்டே செய்ய வந்துட்டாரு" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"நான் கண்ணி இல்லாம செய்றேன், அக்கா."

எங்கள் பக்கத்தில் கௌதாரியைத் தேடிப் போக மாட்டார்கள், வரவழைப்பார்கள். பழக்கிய சேவல் ஒன்றைக் கூடையில் வைத்தால் அது கூவும். தன் இடத்தில் எவன் வந்து கத்துகிறான் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடி வரும். பிடிப்பதற்கு நல்ல வழி. எண்ணுவதற்கு இதைவிட மோசமான வழி இருக்க முடியாது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. கௌதாரி என்றால் அதன் பதில் குரல் என்றே எல்லோருக்கும் பழகியிருந்தது.

தம்பி வேறு யாரிடமும் கூவாது என்பதால் கூடையோடு நானும் போனேன். கார்டு நூறு அடிக்கு ஒரு தரம் என்னை நிற்கச் சொன்னார். தம்பி கூவும். புதரிலிருந்து பதில் வரும். அவர் காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுத்துக் கோடு போடுவார். முதல் இடத்தில் நான்கு குரல். ஒன்றுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒன்று, தம்பி முடிப்பதற்குள் அவசரமாக ஆரம்பிக்கும். இரண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கூவும். சேவலும் பெட்டையுமாக இருக்க வேண்டும். இரண்டாவது இடத்திலும் நான்கு. மூன்றாவது இடத்தில், புல் அசைந்து பிளப்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

"சார், அது அதே தான்" என்றேன்.

"எது?"

"இப்ப கத்துனது. அங்கியும் இதான் கத்துச்சு. நம்ம பின்னாலியே வந்துக்கினு இருக்குது."

"உங்கிட்ட பேரு சொல்லிச்சா?"

"தொண்ட கட்டுன மாரி கத்துது சார்."

"குளிரு வருது பாப்பா. எல்லாத்துக்குந்தான் தொண்ட கட்டும்." கோடு போட்டார்.

ஏழு இடங்கள். இறங்கி வந்து எங்கள் முன்னறையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, குன்றில் இருபத்தெட்டுக் கௌதாரிகள் கூவக் கேட்டதாகவும், பறவைகள் திருப்திகரமாகப் பெருகியிருப்பதாகவும் பஞ்சநாமா என்கிற சாட்சிப் பத்திரம் ஒன்றை எழுதினார். நைனா தபால் மேசையிலேயே வைத்து அதில் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும்.

கார்டு போன பிறகு நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாலு தான் நைனா."

"கார்டு இருபத்தெட்டுன்றாரே?"

"ஏழு எடத்துல நின்னோம். அதே நாலும் ஏழு எடத்துக்கும் வந்துச்சுங்க. ஏழு நாலு இருபத்தெட்டு."

அவர் சிரித்தார். வாய்ப்பாட்டைத் தடங்கல் இல்லாமல் சொன்ன பிள்ளைக்குக் கிடைக்கிற சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "கையெழுத்து போட்டாச்சே கண்ணு" என்றார்.

"பலகையில போட்டிருக்குதே நைனா, மனு குடுத்தா நிறுத்திடுவாங்கன்னு. நான் எழுதட்டா?"

கொஞ்ச நேரம் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எழுதேன்" என்றார். "யாரு வேணான்னா."

ஒரு வாரம் எழுதி எழுதி அடித்தேன். டிசம்பர் மூன்றாம் தேதி அவரிடம் காட்டினேன். சிவப்பு மையில் திருத்தினார். அனுப்புநர் இடது பக்கம், பெறுநர் அதற்குக் கீழே, பொருள் ஒரே வரி. 'பொய்க் கணக்கு' என்று நான் எழுதியிருந்ததை அடித்தார். "அதிகாரிக்கு எழுதச்சே யாரையும் பொய்யன்னு சொல்லக் கூடாது. 'கணக்கில் பிழை நேர்ந்திருக்கலாம்'னு போடு. படிக்கிறவருக்குக் கோபம் வராது."

"நீங்க கையெழுத்து போட்டதையும் எழுதணுமா நைனா?"

"அது தேவையில்லே."

ஒரு தபால் கார்டு கொடுத்தார். எறும்பு ஊர்வது மாதிரி பொடி எழுத்தில் அதன் முழு முதுகிலும் எழுதி நிரப்பினேன். சித்தூரில் இருந்த பெரிய வன அதிகாரிக்கு முகவரி. தமிழில் எழுதினால் படிப்பார்களா என்று கேட்டதற்கு, அங்கே தமிழ் தெரிந்த குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள் என்றார். எங்கள் வீட்டு வெளிச்சுவரில் மாட்டியிருந்த சிவப்புப் பெட்டியில் நானே போட்டேன். காலிப் பெட்டி, தபால் கார்டு அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.

"பதினஞ்சு நாளுல பதில் வரும்" என்றார் நைனா. "அது வரைக்கும் குன்றைத் திறக்க மாட்டாங்க."

அந்தப் பதினைந்து நாளும் நான் ஓர் அரசாங்க ஆளைப் போல நடந்தேன். மத்தியானம் பஸ்ஸிலிருந்து தபால் பை வரும்போது முன்னறையில் நிற்பேன். அரக்கை உடைப்பார், எண்ணுவார், தலையை ஆட்டுவார். பதினாறாம் நாளும் ஆட்டினார். "ஆபீஸுன்னா லேட்டாத்தான் ஆவும். விசாரிக்க வேணாமா?" என்றார். விசாரிக்கிறார்கள் என்றால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் வந்தது. வாசலில் காகித நட்சத்திரம், வீடு முழுக்க எண்ணெயில் வெந்த கல்கல் வாசனை. காலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகிற வழியில் தொண்டை கட்டியவன் கூவியது கேட்டது. இன்னும் இருக்கிறான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை காலை ஒரு ஜீப் வந்து நின்றது. கல்வி இலாகாவின் டிப்டி இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் அவருடைய நண்பர்கள் இரண்டு பேர், மூன்று துப்பாக்கிகள். கார்டு முன்னமே வந்து காத்துக்கொண்டிருந்தார். நைனா கஞ்சி போட்டு மடித்த சட்டையில் நின்றார். அவர்கள் வருவது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அந்தச் சட்டை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"பாப்பா, கூடைய எடு" என்றார் கார்டு.

நான் கூடையைப் பிடித்துக்கொண்டு டிப்டியின் முன்னால் போய் நின்றேன். "மனு பெண்டிங்ல இருக்குது சார். பதில் வர்ற வரைக்கும் சுடக் கூடாது. பலகையில போட்டிருக்குது."

டிப்டி நைனாவைத் திரும்பிப் பார்த்தார். "ஹெட்மாஸ்டர்காரு, இன்னா இது, வீட்டுலயே வக்கீல வெச்சிருக்கீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். பிறகு குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "குடு கண்ணு. சார் பர்மிட்டு வாங்கிக்கினு வந்திருக்காரு. உன் மனுவ படிச்சுட்டுத்தானே குடுத்திருப்பாங்க" என்றார்.

நான் கொடுத்தேன். படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள் என்றால் நான் என்ன செய்ய முடியும்? என்னை நம்பவில்லை, அவ்வளவுதான். என்னிடம் அல்லாமல் கூவாத தம்பி அன்றைக்கு, கார்டின் கையில் இருந்துகொண்டே கூவியது. அதையும் நான் மன்னிக்க வெகுநாள் ஆயிற்று.

பள்ளிக்கூடச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு கேட்டேன். தம்பி கூவியது. தொண்டை கட்டியவன்தான் முதலில் பதில் சொன்னான். மூத்தவன், எப்போதும் அவன்தான் முதல். ஒரு வெடி. அடுத்து அவசரக்காரன். இரண்டு வெடி, ஒன்று குறி தவறியிருக்கும். கடைசியாக ஜோடி. பிறகு தம்பி மட்டும் கூவியது. ஒவ்வொரு இடமாகத் தூக்கிப் போய் வைத்தார்கள், ஒவ்வோர் இடத்திலும் நம்பிக்கையாகக் கூவியது. யாரும் பதில் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு இறங்கி வந்தார்கள். "மிச்சம் இருபத்தி நாலு எங்கப்பா?" என்று டிப்டி கேட்டார்.

"வெயிலு ஏறிடுச்சு சார். படுத்துக்கும்" என்றார் கார்டு.

அம்மாதான் சமைக்க வேண்டியிருந்தது. மிளகு அரைத்துக்கொண்டே, "நீ துன்ன வேணாம். நானும் துன்னல" என்றாள். அவளுடைய எதிர்ப்பு அவ்வளவு தூரம்தான் போகும். டிப்டி இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வரும்போது கூடையருகில் நின்று, "நல்லா பழகியிருக்குதே, எங்க பசங்க பாத்தா விடாதுங்க" என்றார். அவர் கேட்கக்கூட இல்லை. "எடுத்துக்கினு போங்க சார்" என்றார் நைனா. கூடையோடு கொடுத்தார். ஜீப் திரும்பும்போது தம்பி ஒரு தரம் கூவியது. என்னிடம் கரையான் வெட்டுகிற கொத்து மட்டும் மிஞ்சியது.

அந்த ஜூனில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு திறந்தது. டிப்டி சொன்ன சொல் தவறாதவர். எனக்கு மூத்த பெண்கள் ஐந்தாம் வகுப்போடு நின்று கடலை பறிக்கப் போனவர்கள். நான் ஆறில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து படித்துத் தபால் துறையில் சேர்ந்து, பிராஞ்சு ஆபீஸ்களைச் சோதனை போடுகிற அதிகாரியாக ஓய்வு பெற்றேன். நைனா எதற்காக அந்தக் காலை முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஆறாம் வகுப்பிலேயே புரிந்துவிட்டது. குன்றை மறுபடியும் மூடினார்கள், பலகைக்குப் புது வர்ணம் அடித்தார்கள். இந்த முறை மூன்று மழை போதவில்லை. நான் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போகும்வரை அங்கே ஒன்றும் கூவவில்லை.

ஆனால் ஜூனுக்கு முன்னால் ஜனவரி இருக்கிறது. டிசம்பர் முடியும்வரை நான் சித்தூர் அதிகாரியைத்தான் வெறுத்தேன். முகம் தெரியாத ஆளை வெறுப்பது சுலபம். ஒரு குழந்தையின் மனுவைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டவர் என்று அவருக்கு ஒரு மீசையும் கண்ணாடியும் கூடக் கொடுத்து வைத்திருந்தேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் நைனா பையைப் பிரித்து, ஒரு பழுப்பு உறையைத் தனியாக எடுத்து வைத்தார். அரசாங்க உறை, ஒட்டியிருந்தது. என் பெயருக்கு முன்னால் 'செல்வி' போட்டிருந்தது. மூடிய உறையை அவர் பிரிக்க மாட்டார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது விதிக்கு விரோதம். வந்த தேதியை முதுகில் முத்திரை குத்தி என்னிடம் நீட்டினார்.

தமிழில், கையால் எழுதிய கடிதம். யாரோ ஒரு குமாஸ்தா நேரம் எடுத்துக்கொண்டு, பத்து வயதுப் பிள்ளை படிக்கும்படி எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதியிருந்தார். தங்கள் மூன்றாம் தேதியிட்ட மனு, தங்கள் ஊர் தபால் ஆபீஸில் டிசம்பர் முப்பதாம் தேதி முத்திரையிடப்பட்டு, இந்த அலுவலகத்துக்கு ஜனவரி இரண்டாம் தேதி கிடைத்தது. வேட்டை அனுமதி டிசம்பர் இருபதாம் தேதி வழங்கப்பட்டது. அதற்கு முன் இந்த மனு கிடைத்திருந்தால் அனுமதி நிறுத்தப்பட்டு, மறு கணக்கெடுப்புக்கு உத்தரவிடப்பட்டிருக்கும். வேட்டை முடிந்துவிட்டபடியால் மேல் நடவடிக்கைக்கு இடமில்லை. தாங்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி. இனிமேல் மனுக்களைக் காலத்தில் அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இரண்டாம் தரம் படிக்கும்போது தேதிகளை மட்டும் படித்தேன். மூன்று. இருபது. முப்பது. சுவரில் இருந்த அந்தச் சிவப்புப் பெட்டியின் சாவி ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது.

கிழித்துப் போட்டிருக்கலாம் அவர். கிழிக்கவில்லை. தபாலை அழிப்பது குற்றம் என்று அவருக்குத் தெரியும். வைத்திருந்து, எல்லாம் முடிந்த பிறகு, அன்றைய தேதியைச் சரியாகக் குத்தி அனுப்பினார். முந்தின தேதியைக் குத்தியிருந்தால் எனக்கு இன்றைக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பொய் முத்திரைக்கு அவர் மனம் ஒப்பவில்லை. என் வேலைக் காலத்தில் தபாலைத் தாமதித்த எத்தனையோ போஸ்ட் மாஸ்டர்களிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறேன். இவரிடம் வாயாலும் கேட்டதில்லை. 'ஆறாம் வகுப்பு வேணும், நாலு பறவை போனா போவட்டும்' என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன். அழுதுவிட்டு, எப்போதாவது ஒரு நாள் ஒத்துக்கொண்டிருப்பேன். அவர் என் எழுத்துப் பிழையைத் திருத்தினார்.

"இன்னா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். கண் மேசையில் இருந்தது.

"லேட்டாம் நைனா."

"ஆபீஸுன்னா அப்படித்தான் கண்ணு."

"ஆபீஸ் லேட் இல்லே. நான் லேட்டாம்."

அவர் தபால் பையை எடுத்து, அதற்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், ஒருமுறை உதறிப் பார்த்தார். அம்மா உள்ளே சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் அசையவில்லை. உறையின் முதுகில் ஜனவரி பன்னிரண்டு என்று அன்றைய தேதி தெளிவாக விழுந்திருந்தது.